பார்க்க வந்தவரைச் செய்ய வைப்பது: முதல் ஹேப்பனிங் நடத்துவோருக்கு

1959 அக்டோபரில் நியூயார்க் நகரின் ஃபோர்த் அவென்யூவில் இருந்த ரூபன் காலரிக்குப் போனவர்களுக்கு ஆளுக்கு மூன்று அட்டைகள் கொடுத்தார்கள். எப்போது எங்கே உட்கார வேண்டும் என்பது அவற்றில் எழுதியிருந்தது. மொத்தம் மூன்று அறைகள். சுவர்களுக்குப் பதிலாக, சட்டங்களில் இழுத்துக் கட்டிய மங்கலான பிளாஸ்டிக் தாள்கள். மணி அடித்தால் ஒரு பகுதி தொடங்கும். மறுபடி அடித்தால் முடியும். ஓர் அறையில் ஒரு பெண் ஆரஞ்சுப் பழங்களைப் பிழிந்துகொண்டிருப்பார். அதே நேரத்தில் பக்கத்து அறையில் நடப்பது தாளுக்கு அப்பாலிருந்து நிழலாகவும் சத்தமாகவும் மட்டும் வந்து சேரும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்று அங்கே ஒருவராலும் சொல்ல முடியாது. வந்தவர்களுக்குக் கொடுத்த நிரல்தாளில் பங்கேற்போர் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் ஒரு வரி: வருகையாளர்கள், பல்வேறு நாற்காலிகளில் அமர்பவர்கள்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பார்க்க வந்தவரின் பெயர் செய்பவர்களின் பட்டியலுக்குள் போன இடம் அது. நிகழ்வின் பெயர் ‘ஆறு பகுதிகளில் 18 ஹேப்பனிங்குகள்’. அமைத்தவர் ஆலன் காப்ரோ, அப்போது 32 வயது ஓவியர், கல்லூரி ஆசிரியர். கலைஞரின் உடலும் செயலுமே படைப்பாகும், இன்று பெர்ஃபார்மன்ஸ் கலை என்று உலகம் முழுவதும் அருங்காட்சியகங்கள் கொண்டாடும் கலைக்கு முன்னோடிகளில் மிக முக்கியமானது இந்த ஹேப்பனிங். இதைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்வது ஒரு வழி. நீங்களே சிறியதாக ஒன்றை நடத்திப் பார்ப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழியில்தான் இந்தக் கலை உண்மையில் புரியும் என்பது என் உறுதியான எண்ணம். இதற்கு மேடை வேண்டாம், விளக்கு வேண்டாம், நடிப்புப் பயிற்சி வேண்டாம். ஆறு பேர், ஒரு தாள், ஒரு விடியற்காலை போதும்.

தொடங்கும் முன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழில் ‘நிகழ்த்துகலை’ என்றால் கூத்து, கரகாட்டம், பாவைக்கூத்து எல்லாம் நினைவுக்கு வரும். அவை பயின்று, மரபாகக் கைமாறி வருபவை. ஒரு குறிப்பைப் பின்பற்றி வந்தவர்களே செயல்களைச் செய்யும் ஹேப்பனிங் அப்படிப்பட்டதல்ல, பயிற்சியே இல்லாதவர்கள் செய்ய வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. ‘நிகழ்வு’ என்ற சொல் சரியாகப் பொருந்தினாலும், திருமண நிகழ்வு, இரங்கல் நிகழ்வு என்று எல்லாவற்றுக்கும் அது புழங்குவதால் குழப்பம் வருகிறது. எனவே கலை வடிவத்தை ஹேப்பனிங் என்றும், ஒரு குறிப்பிட்ட நாளில் நடப்பதை நிகழ்வு என்றும் எழுதுகிறேன்.

1. முன்னவர்கள் செய்ததைப் படியுங்கள்

புதியவர்கள் பலர் நேராக யோசனைக்குத் தாவிவிடுகிறார்கள். ஒரு வாரமாவது முன்னோடிகளைப் படித்த பிறகு யோசித்தால், எழுபது ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன ஒன்றைப் புதிது என்று நினைத்துச் செய்யும் தவறு நேராது.

காப்ரோ எங்கிருந்து வந்தார் என்பதைப் பாருங்கள். ஜாக்சன் பொல்லாக் 1956இல் கார் விபத்தில் இறந்தார். தரையில் விரித்த பெரிய துணியைச் சுற்றி நடந்து, அதன் மேலேயே காலை வைத்து, வண்ணத்தைச் சொட்டியும் வீசியும் வரைந்தவர் அவர். அவரது மரபு பற்றி காப்ரோ எழுதிய கட்டுரை 1958இல் வெளிவந்தது. பொல்லாக்குக்குப் பிறகு ஓவியருக்கு இரண்டு வழிகள் இருப்பதாக காப்ரோ கண்டார்: அதே போல வரைந்துகொண்டிருப்பது, அல்லது ஓவியத்தைக் கைவிட்டு நாற்காலி, சாப்பாடு, மின்விளக்கு, புகை, தண்ணீர், பழைய காலுறை என்று அன்றாடப் பொருள்களுக்கே போய்விடுவது. அவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். இன்னொரு ஊற்று இசையமைப்பாளர் ஜான் கேஜ். நியூயார்க்கின் நியூ ஸ்கூலில் கேஜ் நடத்திய வகுப்பில் காப்ரோ மாணவர். ஜார்ஜ் பிரெக்ட், டிக் ஹிக்கின்ஸ், ஆல் ஹான்சன் ஆகியோரும் அந்த வகுப்புக்கு வந்தவர்கள்தான். ஓர் இசைக்கலைஞர் பியானோ முன் அமர்ந்து எதையும் வாசிக்காமல் இருக்க, அரங்கில் தற்செயலாக எழும் ஒலிகளே இசையாகும் ‘4 நிமிடம் 33 விநாடி’ என்ற படைப்பை 1952இல் உருவாக்கியவர் கேஜ். அதே ஆண்டு பிளாக் மவுன்டன் கல்லூரியில், நடனம், கவிதை வாசிப்பு, பியானோ, ஓவியம் எல்லாம் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று சாராமல் நடக்கும் ஒரு மாலையையும் அவர் அமைத்தார்.

கதை அமெரிக்காவோடு முடிந்துவிடுவதில்லை. ஜப்பானில் ஒசாகாவுக்கு அருகே அஷியா நகரில் ஜிரோ யோஷிஹாரா 1954இல் தொடங்கிய குதாய் என்ற கலைஞர் குழு, ஹேப்பனிங் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே இந்தத் திசையில் நடந்துவிட்டது. கசுவோ ஷிராகா 1955இல் சேற்றுக்குள் இறங்கி உடம்பால் புரண்டு உருவங்கள் செய்தார். அந்தக் குழுவில் என் மனத்துக்கு நெருக்கமானவர் அட்சுகோ தனாகா. 1955இல் அவர் காட்சிக்கூடத்தில் மின்மணிகளை வரிசையாக வைத்து ஒரு கம்பியால் இணைத்தார். வந்தவர் பொத்தானை அழுத்தினால் மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தபடி அறையின் மறுகோடிவரை ஓடும். கலைஞர் அங்கே இருக்கவே வேண்டாம். அழுத்தத் துணிந்த விரல்தான் படைப்பை முடிக்கிறது. காப்ரோ 1966இல் வெளியிட்ட தமது பெரிய நூலில் குதாய் குழுவுக்கும் இடம் கொடுத்தார்.

படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: வந்தவர் என்ன செய்தார்? இந்தக் கேள்வியைக் கேட்டால், ஹேப்பனிங் என்ற பெயரில் நடந்தவற்றில் பாதி உண்மையில் சிறு நாடகங்கள் என்பது தெரியும். அமெரிக்க ஓவியர் ஜிம் டைன் 1960இல் செய்த ‘கார் விபத்து’ வலிமையான படைப்புதான். ஆனால் வந்தவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். ‘18 ஹேப்பனிங்குகள்’கூட அரைவழிதான்: காப்ரோ இரண்டு வாரம் ஒத்திகை பார்த்திருந்தார், வந்தவர்கள் மணி அடித்ததும் எழுந்து இடம் மாறினார்கள், அவ்வளவே. அவரே அதில் நிறைவடையவில்லை. 1961இல் நியூயார்க்கின் மார்த்தா ஜாக்சன் காலரியின் பின்முற்றத்தை நூற்றுக்கணக்கான பழைய கார் டயர்களால் நிரப்பி, வந்தவர்களை அவற்றின் மேல் ஏறவும் நடக்கவும் விட்டார். நடக்காமல் அந்தப் படைப்பைப் பார்க்க முடியாது. 1964இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்காகக் குப்பைமேட்டில் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்டு’ பற்றி எழுதும்போது, இந்த நிகழ்வில் பார்வையாளர் இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். ஐந்து ஆண்டுகளில் நாற்காலிகள் முழுதாகப் போய்விட்டன. உங்கள் முதல் நிகழ்வு இந்த ஐந்து ஆண்டுப் பாதையின் கடைசிப் புள்ளியிலிருந்து தொடங்கலாம்.

2. ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

1966 நூலில் காப்ரோ சில விதிகளைச் சொல்கிறார். கலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் உள்ள கோடு எவ்வளவு மங்கலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பொருளும் செயலும் கலைகளிலிருந்து வரக் கூடாது, வேறு எங்கிருந்தும் வரலாம். பல இடங்களில், இடைவெளி விட்ட நேரங்களில் நடக்கலாம். ஒரே ஒருமுறைதான் நிகழ்த்த வேண்டும். பார்வையாளர் என்ற வகையே கூடாது. அதே ஆண்டு ஹேப்பனிங் செய்வது எப்படி என்று அவர் குரலிலேயே ஓர் இசைத்தட்டும் வெளிவந்தது. அதில் 11 விதிகள். முதல் விதி, தெரிந்த கலை வடிவங்களையெல்லாம் மறந்துவிடுங்கள் என்பது.

இவற்றில் புதியவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது நூலின் இரண்டாவது விதியை. செயல் அன்றாட வேலையாக இருக்கட்டும்: துணி மடிப்பது, பாத்திரம் துலக்குவது, பூத் தொடுப்பது, செங்கல் அடுக்குவது, தண்ணீர் சுமப்பது. ஃப்ளக்ஸஸ் என்ற கலைஞர் வட்டத்தைச் சேர்ந்த அலிசன் நோல்ஸ் 1962இல் லண்டனில் செய்த படைப்புக்கான குறிப்பு ‘ஒரு சாலட் செய்யுங்கள்’ என்பது மட்டும்தான். காய் நறுக்கும் சத்தமும் வாசமும் கடைசியில் கிடைக்கும் சாப்பாடும்தான் அந்தப் படைப்பு. பிற்காலத்தில் இதையே பெரும் கூட்டத்துக்கும் செய்தார்.

முகமூடி போடுவது, முகத்தில் வெள்ளை பூசுவது, மெதுவாக நடப்பது, அலறுவது ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அவை ‘இது கலை’ என்று அறிவிக்கும் அடையாளங்கள். அவை வந்தவுடன் சுற்றியிருப்பவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள். செய்பவர்களும் தங்களை அறியாமல் நடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

செயலைத் தேர்ந்ததும், அதில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். இடத்தை மாற்றலாம், அளவை மாற்றலாம், பலனை மாற்றலாம். காப்ரோ 1967இல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவிலும் லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றியும் நடத்திய ‘ஃப்ளூயிட்ஸ்’ இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. வேலை, சுவர் கட்டுவது. எந்த ஊரிலும் நடக்கும் வேலை. மாற்றம் ஒன்றே ஒன்று: செங்கல்லுக்குப் பதில் பனிக்கட்டி. சுமார் 30 அடி நீளம், 10 அடி அகலம், 8 அடி உயரத்தில், வாசலே இல்லாத பனிக்கட்டி அடைப்புகள். சுமந்தவர்களின் முதுகு வலித்தது உண்மை, கை விறைத்தது உண்மை, கட்டி முடித்தது உருகி ஓடியதும் உண்மை. யாரும் எதையும் நடிக்கவில்லை.

3. குறிப்பை எழுதுங்கள்

நிகழ்வின் உயிர் இந்தத் தாளில்தான் இருக்கிறது. இசைக்கலைஞர்களுக்கு ஸ்வரக் குறிப்பு எப்படியோ அப்படி. ‘ஃப்ளூயிட்ஸ்’ சுவரொட்டியில் இருந்த குறிப்பின் சாரத்தைப் பாருங்கள்: மூன்று நாள்களில் ஊரெங்கும் சுமார் இருபது பனிக்கட்டி அடைப்புகள் கட்டப்படும், அவற்றின் சுவர்களில் இடைவெளி இராது, அவை உருகும்படி விடப்படும். காலத்தின் நிலையாமை பற்றி ஒரு சொல் இல்லை. நுகர்வுச் சமூகம் பற்றி ஒரு சொல் இல்லை. அளவு, எண்ணிக்கை, செயல். பொருள் என்ன என்பதைக் கட்டியவரே வீட்டுக்குப் போய் யோசித்துக்கொள்ளட்டும்.

நான் நடத்திய நிகழ்வு ஒன்றின் குறிப்பை இங்கே தருகிறேன். முதல் வரைவில் ‘தண்ணீரின் அருமையை உணர்ந்தபடி நடந்து வாருங்கள்’ என்று எழுதியிருந்தேன். எதை உணர வேண்டும் என்று நான் எப்படிக் கட்டளையிட முடியும்? அடித்துவிட்டேன். இறுதி வடிவம் இது:

‘காலை ஐந்தரைக்கு உங்கள் வீட்டில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் பிடியுங்கள். மூடாமல், கையில் ஏந்தி, பேசாமல், நடந்தே பூங்காவுக்கு வாருங்கள். அங்கே சொம்போடு நிற்பவர் ஒருவரிடம் உங்கள் சொம்பைக் கொடுத்து அவருடையதை வாங்கிக்கொள்ளுங்கள். வந்த வழியே திரும்புங்கள். அந்தத் தண்ணீரை உங்கள் வீட்டுச் செடிக்கு ஊற்றுங்கள்.’

எழுதி முடித்ததும் குறிப்பை இப்படிச் சோதியுங்கள். உங்களை அறியாத ஒருவர், நீங்கள் அருகில் இல்லாமல், இந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு செய்ய முடியுமா? ஒவ்வொரு வாக்கியத்தையும் கையால், காலால் செய்துகாட்ட முடியுமா? முடியாத வாக்கியத்தை நீக்குங்கள். உணர்ச்சியைக் குறிக்கும் சொற்கள், ‘கலை’ என்ற சொல், ‘அனுபவம்’ என்ற சொல், இவை மூன்றும் இருந்தால் எடுத்துவிடுங்கள். கேஜின் வகுப்புக்கு வந்த ஜார்ஜ் பிரெக்ட் செயல் குறிப்புகளை அச்சிட்ட சிறு அட்டைகளைத் தேடிப் படிப்பது இதற்கு நல்ல பயிற்சி. சிலவற்றில் ஒரு வரிதான் இருக்கும். அந்தச் சிக்கனத்தைக் கற்க எனக்கு நீண்ட காலம் பிடித்தது.

என் குறிப்பில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா என்று ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். கீழே வருகிறேன்.

4. இடம், நேரம், அனுமதி

நீங்கள் நடந்து பழகிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நிகழ்வுக்கு ஒரு வாரம் முன்பு அதே நாளில், அதே நேரத்தில் அங்கே போய் நில்லுங்கள். பூங்காக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது, நாய்கள் எங்கே படுத்திருக்கின்றன, எந்தச் சாலையில் வண்டிகள் வேகமாக வருகின்றன என்பதெல்லாம் நின்றால்தான் தெரியும். தனியார் இடமானால் உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பொது இடத்தில் பொருள்களை அடுக்குவதாகவோ பலர் கூடுவதாகவோ இருந்தால் உள்ளாட்சி அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் முன்பே எழுதிக் கொடுங்கள். ‘கலை நிகழ்ச்சி’ என்று எழுதினால் ஒலிபெருக்கி உண்டா, மேடை எங்கே என்று கேட்பார்கள். என்ன செய்யப் போகிறீர்களோ அதையே எழுதுங்கள்: ‘பத்துப் பேர் காலை ஆறு மணிக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மாற்றிக்கொள்வோம், இருபது நிமிடம் ஆகும்.’

செலவு குறைவாக இருக்கட்டும். திரும்பக் கொடுக்கக் கூடிய பொருள், அல்லது வேறு பயனுக்குப் போகும் பொருள் நல்லது. உணவுப் பொருளை வீணாக்கும் நிகழ்வை நான் செய்வதில்லை. செய்ய வேண்டாம் என்றே உங்களுக்கும் சொல்வேன்.

5. ஆட்களை அழைத்து, உட்கார வைத்துப் பேசுங்கள்

‘ஃப்ளூயிட்ஸ்’ சுவரொட்டியில் பலர் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. பங்கேற்க விரும்புவோர் 1967 அக்டோபர் 10 அன்று இரவு எட்டரைக்குப் பாசடீனா கலை அருங்காட்சியகத்துக்கு வர வேண்டும், அங்கே காப்ரோ நிகழ்வை விரிவாக விளக்கி எல்லா விவரங்களையும் பேசி முடிப்பார் என்று அதில் அச்சிட்டிருந்தது. ஹேப்பனிங் என்றால் திடீரென்று, தாறுமாறாக, அவரவர் விருப்பப்படி நடப்பது என்ற தவறான எண்ணத்துக்கு அந்தச் சில வரிகளே பதில்.

முதல்முறைக்கு ஆறு முதல் பன்னிரண்டு பேர் போதும். கலைஞர்களை மட்டும் அழைக்காதீர்கள். தையற்கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியை, பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் என்று கலந்து இருக்கட்டும். கலை படித்தவர்கள் அழகாகச் செய்ய முயல்வார்கள், மற்றவர்கள் செய்வார்கள். இரண்டாமவர்தான் நமக்கு வேண்டும். கூட்டத்தில் குறிப்பை ஒருமுறை உரக்கப் படித்துவிட்டு, கேள்விகளுக்கு விடுங்கள். ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். செய்துவிட்டு வந்து நீங்களே சொல்லுங்கள் என்று பணிவோடு பதில் சொல்லுங்கள். ஒத்திகை வேண்டாம்.

6. ஒப்புதலும் பாதுகாப்பும்

இதில் நின்று நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்தவர் கையில் செயலைக் கொடுத்தால், நல்லதையும் தீயதையும் செய்யும் ஆற்றலைச் சேர்த்தேதான் கொடுக்கிறோம். பெர்ஃபார்மன்ஸ் கலையின் வரலாறே இதற்குச் சாட்சி.

ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ 1964இல் கியோட்டோவில் முதன்முதலாக நிகழ்த்திய ‘கட் பீஸ்’ படைப்பில் அவர் மேடையில் அசையாமல் அமர்ந்திருந்தார். முன்னால் ஒரு கத்தரிக்கோல். வந்தவர்கள் ஒவ்வொருவராக ஏறி அவரது உடையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் போகலாம். 1965இல் நியூயார்க்கின் கார்னகி ரிசைட்டல் ஹாலில் நடந்ததைப் படம் பிடித்திருக்கிறார்கள். முதலில் கூச்சத்தோடு சிறு துண்டுகள். பிறகு ஓர் இளைஞர் வந்து நிறுத்தாமல் வெட்டிக்கொண்டே போய் உள்ளாடைப் பட்டையையும் வெட்டுகிறார். ஓனோவின் கைகள் மார்பை மூட எழுகின்றன. அந்தக் கைகள் எழும் நொடியை நான் பல தடவை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். செய்ய அழைக்கப்பட்டவர்களின் முகம் எல்லாம் அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது.

1974இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் பெர்ஃபார்மன்ஸ் கலைஞர் மரினா அப்ரமோவிச் ஆறு மணி நேரம் நின்றார். மேசையில் 72 பொருள்கள்: ரோஜா, தேன், கத்தரிக்கோல், சவரக் கத்தி, துப்பாக்கியும் ஒரு குண்டும்கூட. என்னை வைத்து எதை வேண்டுமானாலும் செய்யலாம், பொறுப்பு என்னுடையது என்றார். மணி ஏற ஏறக் கூட்டம் கொடுமையாக மாறியது. உடையை வெட்டினார்கள், தோலைக் கீறினார்கள், துப்பாக்கியைக் கழுத்துக்கு நேரே கொண்டுபோனார்கள். ஆறு மணி நேரம் முடிந்து அவர் கூட்டத்தை நோக்கி நடந்தபோது அவர்கள் விலகி ஓடியதாக அவர் சொல்லியிருக்கிறார்.

இவ்விரண்டையும் உயர்ந்த படைப்புகளாகவே மதிக்கிறேன். இருந்தாலும் இவை ஹேப்பனிங்கிலிருந்து ஒரு முக்கியமான இடத்தில் பிரிகின்றன: கலைஞரின் உடல் மறுபடி நடுவில் வந்து நிற்கிறது. கூட்டம் அதைச் சுற்றி நிற்கிறது. கூட்டத்தைப் பங்கேற்க அழைக்கும் வழக்கம் ஹேப்பனிங் தந்தது. அந்த அழைப்பைத் தன் உடம்பின் மேலேயே ஏற்றுக்கொள்ளும் துணிவை பெர்ஃபார்மன்ஸ் கலை சேர்த்தது. புதியவர்கள் பிற்பாதியைத் தொட வேண்டாம். ஒருவர் உடம்பை இன்னொருவர் தொடும் செயல், கூரிய பொருள், நெருப்பு, உயரம், மூச்சை அடக்குவது, போதை, குழந்தைகளைத் தனியே விடுவது ஆகிய எதுவும் முதல் நிகழ்வில் கூடாது.

காப்ரோவின் குறிப்புகளையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டியதில்லை. ‘ஹவுஸ்ஹோல்டு’ நிகழ்வில் ஆண்கள் ஒரு கோபுரம் கட்ட, பெண்கள் ஒரு கூடு கட்டினார்கள். பழைய காருக்கு ஆண்கள் ஸ்ட்ராபெரி ஜாம் பூச, பெண்கள் அதை நக்கினார்கள். இந்தப் பிரிவினையை இன்று அப்படியே எடுத்துச் செய்ய என்னால் முடியாது. செய்யச் சொன்னாலும் மறுப்பேன். மறுக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்பதை முன்கூட்டத்திலேயே சொல்லுங்கள்: எந்த நொடியிலும், காரணம் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம். விலகியவரைப் பற்றிப் பிறகும் யாரும் கேட்கக் கூடாது.

இன்னொரு வகை அத்துமீறலும் இருக்கிறது. ‘18 ஹேப்பனிங்குகள்’ நிகழ்வில் அறை மாறும்படி கட்டளையிட்டது ஜான் கேஜுக்குப் பிடிக்கவில்லை. கலைக்கு ஓர் அரசியல் உள்ளடக்கம் உண்டு, அதில் போலீஸ்காரர்களுக்கு இடமில்லை என்ற பொருளில் பின்னர் ஒரு நேர்காணலில் சொன்னார். தன் மாணவரின் படைப்பைப் பற்றி ஆசிரியர் சொன்ன இந்த வார்த்தை கடுமையானது, நியாயமானதும்கூட. குறிப்பு எழுதும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்கிறேன். விரட்டுவது போல ஒலிக்கும் வரியைக் கண்டால் மாற்றிவிடுகிறேன்.

7. நிகழ்வு நாள்

நீங்களும் செய்யுங்கள். ஓரமாக நின்று மேற்பார்வை பார்க்காதீர்கள். நீங்கள் பார்க்கத் தொடங்கிய கணமே மற்றவர்கள் உங்களுக்காகச் செய்யத் தொடங்குவார்கள். படம் எடுக்க வேண்டுமானால் ஒருவர், ஓரிரு படங்கள், பங்கேற்பவர்கள் முன்பே ஒப்புக்கொண்டால் மட்டும். பத்து செல்போன்கள் உயர்ந்தால் அது நிகழ்ச்சியாகிவிடும். வழியில் யாராவது என்ன என்று கேட்டால் உண்மையைச் சொல்லலாம். என் குறிப்பில் பேசக் கூடாது என்று இருந்ததால் நாங்கள் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு வைத்திருந்தோம்.

அன்று ஒன்பது பேர் வந்தோம். இங்கேதான் முதல் ஓட்டை. இருவர் இருவராக மாற்றிக்கொண்ட பிறகு ஓர் அம்மா மட்டும் தம் சொம்போடு தனியே நின்றார். ஒற்றைப்படையாக ஆள் வந்தால் என்ன செய்வது என்று நான் எழுதவே இல்லை. யாரும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, ஏற்கெனவே மாற்றிக்கொண்ட இருவர் அவர் அருகில் போய் நின்றார்கள். மூவரும் ஒரே நேரத்தில் தத்தம் சொம்பை வலப்பக்கம் இருந்தவரிடம் கொடுத்தார்கள். நான் எழுதிய குறிப்பை விட அது அழகான குறிப்பு.

8. பிறகு உட்கார்ந்து பேசுங்கள், இடத்தை ஒப்படையுங்கள்

கைதட்டல் வேண்டாம். அதே நாள் மாலை, அல்லது மறுநாள், தேநீரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘நன்றாக இருந்தது’ என்றுதான் பதில் வரும். ‘கை எப்போது வலித்தது?’, ‘எங்கே சிந்தியது?’, ‘வழியில் யார் என்ன கேட்டார்கள்?’ என்று கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் மாணவர் ஒருவர் சொன்னார்: ஏந்திய சொம்போடு வந்ததைப் பார்த்த ஒரு பெரியவர் சைக்கிளை விட்டு இறங்கி வழிவிட்டு, ‘எந்தக் கோயிலுக்கு அபிஷேகம்?’ என்று கேட்டாராம். தெருவே தனக்கு ஒதுங்கிக் கொடுத்ததை வாழ்நாளில் முதன்முறையாகப் பார்த்ததாக அந்த மாணவர் சொன்னார்.

பேசியதைத் தேதியிட்டு எழுதி, குறிப்போடு சேர்த்து வையுங்கள். காப்ரோவின் தாள்கள் இன்று லாஸ் ஏஞ்சலஸில் கெட்டி ஆய்வு நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. டயர்களும் பனிக்கட்டியும் இல்லை, குறிப்புகள் இருக்கின்றன. தமது பழைய நிகழ்வுகளைப் பிறர் மீண்டும் செய்யக் கேட்டபோது அவர் அதை மறுபிரதி என்று அழைக்காமல் மறுகண்டுபிடிப்பு என்றார். இடமும் காலமும் மாறினால் குறிப்பும் மாறலாம் என்பது அவர் நிலைப்பாடு. எனவே ‘ஃப்ளூயிட்ஸ்’ போன்ற ஒன்றை உங்கள் ஊரில் செய்ய நினைத்தால் 1967ஐ நகலெடுக்க வேண்டாம். உங்கள் ஊரில் எது சுமக்கப்படுகிறது, எது கரைகிறது என்று பாருங்கள்.

கூட்டம் சேர்ப்பது கடினமாக இருந்தால் இரண்டு பேரோடு தொடங்குங்கள். காப்ரோவே 1970களில் பெரிய நிகழ்வுகளை விட்டுவிட்டு, ஓரிருவர் வீட்டிலேயே செய்யக் கூடிய சிறு செயல்களுக்குப் போய்விட்டார். 1980களில் ஒரு வாளி மண்ணை எடுத்துப்போய் ஒருவரிடம் கொடுத்து, அவர் மண்ணை வாங்கி, அதை இன்னொருவரிடம் மாற்றி, இப்படியே சில ஆண்டுகள் செய்துகொண்டிருந்தார். என் சொம்புக் குறிப்பு அந்த வாளிக்குக் கடன்பட்டது.

கடைசி வேலை, இடத்தை முன்பிருந்ததை விடச் சுத்தமாக விட்டுப் போவது. கடன் வாங்கிய பொருளை அன்றே திருப்பிக் கொடுப்பதும் அதில் சேர்ந்தது. அங்கேதான் என் குறிப்பின் இரண்டாவது ஓட்டை. தண்ணீரை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். சொம்பு யாருக்கு என்று எழுதவில்லை. ஆறு சொம்புகள் ஒரு வாரத்துக்குள் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. இரண்டை வைத்திருந்தவர்கள் தங்களுக்குள் பேசி அப்படியே வைத்துக்கொண்டார்கள். எனக்கு வந்தது விளிம்பு நெளிந்த ஒரு பித்தளைச் சொம்பு, அடியில் யாருடைய பெயரோ பாதி தேய்ந்து தெரிகிறது. திருப்பிக் கொடுக்கப் போனபோது அதற்கு உரியவர், ‘உங்கள் செடிக்கு ஊற்றினீர்களா?’ என்று மட்டும் கேட்டார். ஊற்றினேன் என்றேன். ‘அப்படியானால் அது அங்கேயே இருக்கட்டும்’ என்றார்.